நூறு வயசு கேட்கலாமா? கவசமும் திருப்புகழும் முதுமைக்கு என்ன கேட்கின்றன



இந்த வாரப் பாடத்தை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். எத்தனை வயசு வரைக்கும் வாழணும்னு உங்களுக்கு ஆசை?

ஆபீஸ்ல ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்துல இந்தப் பேச்சு வந்தது. எட்டு பேர் இருந்தோம், எல்லாரும் முப்பதுக்குக் கீழ. ஆறு பேர் "அறுபது போதும் ப்ரோ"னு முடிச்சுட்டாங்க. அதுல ஒருத்தனுக்கு இருபது வருஷ வீட்டு லோன். அது முடியவே நாற்பத்தெட்டு ஆயிடும். அப்புறம் சொந்த வீட்டுல நிம்மதியா உட்கார பன்னிரண்டே வருஷம்! ஏன் அறுபதுனு கேட்டா எல்லார் கிட்டயும் ஒரே பதில்தான்: "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது." யாருக்கும் சாவு பயம் இல்ல, படுக்கை பயம்தான். சரி, உங்க அப்பாவுக்கு எத்தனை வயசுனு கேட்டேன். ஐம்பத்தெட்டு, அறுபத்தொண்ணுனு சொன்னாங்க. அவங்களுக்கும் அறுபது போதுமான்னு கேட்டதும் எல்லார் முகமும் மாறிடுச்சு. "டேய், அவர் நூறு வயசு இருக்கணும்டா."

நமக்கு அறுபது, நாம நேசிக்கிறவங்களுக்கு நூறு. இந்தக் கணக்கு எங்கயோ இடிக்குது இல்லையா? நாம கும்பிடறது என்றும் இளையவனை. 'முருகு' என்கிற சொல்லுக்கே இளமை, அழகு, மணம்னு பொருள். அப்படின்னா முதுமையைப் பத்தி அவன் கிட்ட என்ன கேட்கறது? நம்ம முன்னாடி இருந்தவங்க என்ன கேட்டிருக்காங்க? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல கொஞ்சம் எண்கள். சுதந்திரம் வாங்கின சமயத்துல இந்தியாவுல சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இப்ப சுமார் 70. (அதுக்காக அன்னைக்கு எல்லாரும் 32-ல போயிட்டாங்கன்னு அர்த்தமில்ல. பச்சைக் குழந்தைங்க நிறைய இறந்ததால சராசரி கீழ இறங்கிக் கிடந்தது.) உலக சுகாதார நிறுவனம் இதோட இன்னொரு எண்ணும் கொடுக்குது, ஆரோக்கிய ஆயுள். நோய், ஊனம் இதெல்லாம் தின்ன காலத்தை எடைபோட்டுக் கழிச்சா மிச்சம் எவ்வளவுங்கிற கணக்கு. 2019-ல இந்தியாவுக்கு அது சுமார் 60. ரெண்டுக்கும் நடுவுல பத்து வருஷ இடைவெளி. எல்லாருக்கும் கடைசிப் பத்து வருஷம் படுக்கைதான்னு இதை எடுத்துக்கக் கூடாது, இது வாழ்நாள் முழுக்கப் பரவின சராசரி. ஆனாலும் அந்த இடைவெளியில பெரும்பங்கு பின்பாதியிலதான் வந்து விழுது.

என் தொழில் பாஷையில சொன்னா, சர்வர் ஓடுதுன்னு டேஷ்போர்டுல பச்சை விளக்கு எரியும். ஆனா உள்ள அனுப்புற எதுக்கும் பதில் வராது. மேனேஜருக்குப் பச்சை போதும். பயன்படுத்துறவங்களுக்குப் போதாது.

கவசம் கேட்பது என்ன?

கந்த சஷ்டி கவசம் நமக்கு மனப்பாடம். சூலமங்கலம் சகோதரிகள் குரல்ல கேட்டுக் கேட்டு வரி தானா வரும். தானா வர்றதுதான் சிக்கலும். என்ன கேட்கிறோம்னு கவனிக்கறதே இல்ல. இந்தத் தடவை ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு, தேவராய சுவாமிகள் எதையெல்லாம் காக்கச் சொல்றாருன்னு மட்டும் எழுதிப் பாருங்க. முகம், நெற்றி, கண், காது, மூக்கு, வாய், பல், நாக்கு, கன்னம், கழுத்து, மார்பு, தோள், பிடரி, முதுகு, விலா எலும்பு, வயிறு, இடுப்பு, தொடை, முழங்கால், பாதம், விரல்... ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேல் காவல். பல்லைக் கூட சும்மா 'பல்'னு விடல, முப்பத்திரண்டுன்னு எண்ணிச் சொல்றாரு.

நாம கொஞ்சம் வேகமா சொல்லிட்டுத் தாண்டிப் போற இடம் ஒண்ணு இருக்கு. பிறப்புறுப்பு, பிட்டம், மலவாய். சின்ன வயசுல அந்த வரி வரும்போது பசங்க சிரிப்போம். வீட்டுல வயசானவங்களைப் பார்த்துக்கிட்டவங்க யாரும் அங்க சிரிக்க மாட்டாங்க. சிறுநீர் கட்டுப்படுதா, மலச்சிக்கல் இல்லாம இருக்கா, தானே எழுந்து போய் வர முடியுதா? எண்பது வயசுக்காரர் ஒருத்தரோட நாள் நல்ல நாளா கெட்ட நாளான்னு பெரும்பாலும் இதுதான் முடிவு பண்ணுது. வெட்கப்படாம அதையும் முருகன் கிட்டயே சொல்லிட்டாரு. பின்னாடி நோய்களும் வருது. சுளுக்கு, ஒற்றைத் தலைவலி, வாதம், வலிப்பு, பித்தம், சிரங்கு, பல்குத்து. சுளுக்கையும் பல்வலியையும் கடவுள் கிட்ட கொண்டு போற பாட்டு இது!

இவ்வளவு கேட்டவர் 'எனக்கு இத்தனை வயசு வேணும்'னு ஒரு இடத்துலயும் எண் போடல. பலன் சொல்ற பகுதியில மட்டும் ஒரு எண் வருது, அது பதினாறு. அதைப் பதினாறு பேறுன்னு சிலர் சொல்வாங்க, பதினாறு வயசு இளமைன்னு சிலர் சொல்வாங்க. ரெண்டு விளக்கத்துலயும் அது ஆயுள் எண்ணிக்கை இல்ல.

வேதத்துலயும் இதே அமைப்புதான். மதிய வேளை சந்தியாவந்தனத்துல சூரியனைப் பார்த்துச் சொல்ற மந்திரத்துல நூறு வருஷம் கேட்கிறாங்க. ஆனா வெறும் நூறு கேட்கல. நூறு வருஷம் பார்க்கணும், மகிழணும், காதால கேட்கணும், பேசணும்னு புலன் புலனா பிரிச்சுத்தான் கேட்கிறாங்க. எண்ணைக் கேட்கிற துணிச்சல் இருந்தா கூடவே ஒரு பட்டியலும் வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இதுக்கு எதிரான கதை யயாதி. சாபத்தால முதுமை வந்ததும் மகன் பூருவோட இளமையை வாங்கிக்கிட்டு ஆயிரம் வருஷம் அனுபவிச்சாரு. ஆசை மட்டும் தீரல. கடைசியில இளமையைத் திருப்பிக் கொடுத்துட்டுக் காட்டுக்குப் போனாரு. 'கைல காசு இருந்தா முதுமையை ஒத்திப் போட்டுடலாம்'னு இன்னைக்கு மாத்திரை விற்கிறவங்க எல்லாரும் ஒருதடவை படிக்க வேண்டிய கதை.

திருச்செந்தூர்ப் பாட்டு

அடுத்தது அருணகிரிநாதர். பதினைந்தாம் நூற்றாண்டு. அவர் வரலாறு உங்களுக்குத் தெரியும். வாழ்க்கை போதும்னு திருவண்ணாமலை கோபுரத்துல ஏறிக் குதிச்சவரை முருகன் தாங்கிப் பிடிச்சதா மரபு சொல்லுது. (ஒரு வார்த்தை: 'அறுபது போதும்'னு அரட்டையில சொல்றது வேற, இன்னைக்கே போதும்னு மனசுக்குள்ள ஓடறது வேற. ரெண்டாவதா இருந்தா 14416-க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச சேவை. கோபுரத்தடியில தாங்கின கை இந்தக் காலத்துல போன் வழியாவும் வரும்.)

அப்படி இளமையிலயே உயிரை வேண்டாம்னு சொன்னவர்தான் முதுமையைப் பத்தி அதிகமா பாடினவர். அதுல திருச்செந்தூர்த் திருப்புகழ் ஒண்ணு, 'தொந்தி சரிய'. அர்த்தத்தோட ஒருதடவை மெதுவா படிங்க. வயிறு சரியுது, முடி வெளுக்குது, பல் ஆடுது, முதுகு வளையுது, ஒரு கை தடியைப் பிடிக்குது. பெண்கள் பார்த்து 'யார் இந்தக் கிழவன்'னு சிரிக்கிறாங்க. இருமல். பேச்சு குழறுது. கண் போச்சு, காது போச்சு. இதுவரைக்கும் உடம்பு. இதுக்கு அப்புறம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோய் வந்து படுத்ததும் வைத்தியர் ஒருத்தர் பக்கத்துல வந்து உட்கார்றாரு. பிள்ளைங்க வந்து சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவுனு நெருக்கிக் கேட்கிறாங்க. மனைவி அழுது விழறாங்க. எமன் ஆளுங்க வந்து நிற்கிறாங்க. உடம்பு தன் கட்டுப்பாட்டுல இல்லாம மலம் வெளியேறுது.

அறுநூறு வருஷத்துக்கு முந்தின பாட்டு. ஐசியூ வாசல் பெஞ்சுல உட்கார்ந்திருந்தவங்க யாரும் இதைப் பழைய பாட்டுன்னு சொல்ல மாட்டாங்க. வைத்தியர் இருக்காரு, கணக்குக் கேட்கிற பிள்ளை இருக்கு, அழறவங்க இருக்காங்க. 'உங்களுக்கு என்ன வேணும்'னு படுத்திருக்கறவர் கிட்ட கேட்கிற ஆள் மட்டும் அந்தக் காட்சியில இல்ல.

இவ்வளவையும் சொல்லிட்டு அருணகிரியார் கேட்கறது ஒண்ணே ஒண்ணு. அந்த நேரத்துல மயில் மேல சீக்கிரம் வா. 'எனக்கு இது வராம பண்ணு'ன்னு கேட்கல. 'இன்னும் பத்து வருஷம் கொடு'ன்னும் கேட்கல. துணை கேட்கிறாரு, அதுவும் தாமதமாகாத துணை. பாட்டோட அடுத்த பாதியில கோசலை குழந்தை ராமனை 'வா வா'ன்னு விதவிதமா கொஞ்சிக் கூப்பிடற காட்சி வருது. பால் குடிக்க வா, பூ வைக்க வா. தள்ளாத கிழவன் ஒரு பக்கம், கூப்பிட்டுக் கொஞ்சப்படற குழந்தை இன்னொரு பக்கம், ரெண்டும் ஒரே பாட்டுல. குழந்தைக்கும் முழுசா அடுத்தவங்க கைதான் ஆதாரம். அதை யாரும் 'பாரம்'னு சொல்றதில்லையே? எனக்குப் படற அர்த்தம் இது. உரைகாரர்கள் வேற மாதிரி சொல்லலாம்.

எழுபத்தஞ்சு என்கிற எல்லை

2014 அக்டோபர்ல 'தி அட்லாண்டிக்' இதழ்ல எசக்கியேல் இமானுவேல்னு ஒரு அமெரிக்க மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினாரு. புற்றுநோய் மருத்துவர், மருத்துவ அறவியல் அறிஞர். 75 வயசுல செத்துப் போனாப் போதும்னு தலைப்பிலயே சொன்னாரு. தற்கொலையை அவர் ஆதரிக்கல. 75-க்கு அப்புறம் ஆயுளை நீட்டிக்கிற சிகிச்சை எதுவும் எடுத்துக்க மாட்டேன், அவ்வளவுதான். அப்ப அவருக்கு வயசு 57. அவர் வாதத்துல உண்மை இருக்கு. ஆயுளை நீட்டிட்டோம், அந்த நீட்டின பகுதியில நலிவையும் சேர்த்து நீட்டிட்டோம்னு சொல்றாரு. இது மேல சொன்ன பத்து வருஷ இடைவெளிதான்.

ஆனா அவர் பிடிச்சிருக்கற அளவுகோல் எனக்கு ஒப்பல. அந்த வயசுக்குள்ள படைப்புத் திறனும் உழைப்பும் குறைஞ்சிடுதுங்கறது அவரோட பெரிய காரணங்கள்ல ஒண்ணு. ஒரு மனுஷனை அவன் அவுட்புட் வச்சு எடை போடறது எங்க கம்பெனியில வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்குது. அதையே வாழ்க்கைக்கும் வைக்கணுமா?

அவுட்புட் கணக்குலயே பேசணும்னாலும் மதுரைக்கு வாங்க. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. இளவயசுலயே கடுமையான முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப் போனவர். அந்த விரல்களை வச்சே கண் அறுவை சிகிச்சை பழகினாரு. அரசுப் பணியில இருந்து 58 வயசுல ஓய்வு பெற்று, 1976-ல 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினாரு. 2006-ல, 87 வயசுல மறைஞ்சாரு. எத்தனை ஆயிரம் தாத்தா பாட்டிங்க கண்புரை நீங்கி மறுபடியும் தன் பேரன் முகத்தைப் பார்த்திருப்பாங்க! 'அறுபது போதும்'னு அவர் நினைச்சிருந்தா ரெண்டே வருஷம்தான் கிடைச்சிருக்கும்.

கிழவன் என்றால் யார்?

இப்ப பாடத்தோட நடுப்பகுதிக்கு வந்துட்டோம். இங்க கொஞ்சம் நிதானமா வாங்க.

'கிழவன்' இன்னைக்கு மரியாதையில்லாத சொல். யாரையாவது அப்படிக் கூப்பிட்டா அடி விழும். ஆனா தொல்காப்பியத்தைத் திறந்தா காதல் பகுதியில தலைவனுக்கும் தலைவிக்கும் பேர் என்ன தெரியுமா? கிழவன், கிழத்தி. ரெண்டு பேரும் இளவட்டம்! ஏன்னா அந்தச் சொல்லுக்கு வயசோட சம்பந்தமே இல்ல. கிழமைன்னா உரிமை, கிழவன்னா உரியவன். நிலக்கிழார்னா நிலத்துக்கு உரியவர். செவ்வாய்க்கிழமைன்னா செவ்வாய்க்கு உரிய நாள். வாராவாரம் விரதம் இருக்கிற நாம அந்தச் சொல்லை வாராவாரம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம்.

இன்னும் ஒண்ணு. திருமுருகாற்றுப்படை பழமுதிர்சோலையில முடியும்போது முருகனை அந்த மலைக்குக் கிழவோன்னு சொல்லித்தான் முடியுது. என்றும் இளையவனுக்குப் பேர் கிழவோன்.

உரியவன்னு இருந்த சொல் எப்ப வயசானவன்னு ஆச்சோ தெரியாது. ஆனா இன்னைக்கு நம்ம வீடுகள்ல கிழவங்களுக்கு இல்லாதது எது? கிழமைதான். எப்ப சாப்பிடணும், எந்த சேனல், ஃபேன் எத்தனாம் நம்பர், யார் கல்யாணத்துக்குப் போகலாம், எந்த டாக்டர், ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமா. எல்லாம் அவங்க தலைக்கு மேல பேசி முடிவாகுது. மருந்து வேளா வேளைக்குக் கிடைக்குது, சாப்பாடு கிடைக்குது, பாசமும் குறைவில்ல. தன் நாளுக்குத் தான் உரியவர்ங்கறது மட்டும் போயிடுது.

இது பெரிய விஷயமான்னு கேட்டா, 1976-ல எலன் லாங்கர், ஜூடித் ரோடின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல ஒரு முதியோர் இல்லத்துல ஒரு சோதனை செஞ்சாங்க. ஒரு தளத்துல இருந்தவங்களுக்கு ஆளுக்கொரு செடி கொடுத்து, 'தண்ணி ஊத்தறது உங்க பொறுப்பு, சினிமா எந்தக் கிழமை பார்க்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க'ன்னு விட்டாங்க. இன்னொரு தளத்துலயும் செடி கொடுத்தாங்க, ஆனா ஊழியர்களே தண்ணி ஊத்துவாங்க, எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க. சில வாரத்துல முதல் தளத்துக்காரங்க கூடுதல் சுறுசுறுப்பா, உற்சாகமா இருந்தாங்க. ஒரு செடி. அதுக்குத் தான் கிழவன், தான் கிழத்தி. அவ்வளவுதான் வித்தியாசம்.

கந்தபுராணத்துல வள்ளி கதையை இந்தக் கண்ணோட திரும்பப் பாருங்க. முருகன் கிழவர் வேஷத்துல தினைப்புனத்துக்கு வர்றாரு. வந்தவர் ஓரமா ஒதுங்கி உட்காரல. பசிக்குதுன்னு கேட்கிறாரு, தேனும் தினைமாவும் கிடைக்குது. தாகம்னு கேட்கிறாரு, சுனைக்குக் கூட்டிட்டுப் போறா. அப்புறம் காதலையும் கேட்கிறாரு! நாம அதை நகைச்சுவைக் காட்சியா பார்த்துட்டு விட்டுடறோம். கிழவருக்கும் வேண்டும் என்பது உண்டுன்னு காட்ட கடவுளே அந்த உடம்பை எடுத்துக்கிட்டு வந்த மாதிரிதான் எனக்குத் தெரியுது.

"முருகா, என்னைக் கூப்பிட்டுக்கோ"

இந்த வாக்கியத்தைக் கேட்காத வீடே இருக்காது. எங்க ஆச்சிக்கு எண்பத்தஞ்சு வயசு. திருச்செந்தூர்ப் பக்கம்தான் ஊர். ராத்திரி விளக்கணைக்கும்போது தினமும் சொல்லுவா. கேட்கிறவங்க வழக்கமா "அப்படியெல்லாம் சொல்லாதீங்க, நூறு வயசு இருப்பீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. போன சஷ்டிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப என் சித்தி மகள், பன்னிரண்டு வயசு, பக்கத்துல படுத்துக்கிட்டு, "எதுக்கு ஆச்சி கூப்பிடச் சொல்லுத?"ன்னு கேட்டுட்டா. சுவாமிமலையில தகப்பனுக்குப் பாடம் சொன்னது சின்னப் பிள்ளைதானே!

ஆச்சி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ராத்திரி ஒண்ணுக்குப் போவ உங்க அத்தைய எழுப்பணும்லா. அவ பகல் பூரா உழைச்சிட்டு வந்து படுக்கா"ன்னா. மெல்ல மெல்ல விஷயம் வெளிய வந்தது. யாரையும் எழுப்பக் கூடாதுன்னு சாயங்காலம் நாலு மணிக்கு மேல தண்ணியே குடிக்கறதில்ல. அதனால தலைசுத்தல், மலச்சிக்கல், வாய் வறட்சி. அந்தக் கஷ்டத்துக்குத்தான் ராத்திரி மனு.

மறுநாள் மாமா நடுவுல ஓட்டையும் கீழ வாளியும் உள்ள நாற்காலி ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, மருத்துவ சாமான் கடையில கிடைக்குது. கட்டில் பக்கத்துல போட்டாச்சு. சுவர்ல பிடிச்சுக்க ஒரு கம்பி, ஒரு சின்ன ராத்திரி விளக்கு. யாரையும் எழுப்ப வேண்டியதில்ல. இப்பவும் ஆச்சி "கூப்பிட்டுக்கோ முருகா"ன்னு சொல்றா. ஆனா கூடவே "தைப்பூசம் முடியட்டும், பேத்தி பரீட்சை முடியட்டும்"னு ஒரு இணைப்பும் வருது.

எல்லா வீட்டுலயும் ஒரு நாற்காலியில முடியற விஷயமா இது இருக்காது. சிலருக்கு அந்த வாக்கியம் உடம்பு வலி. சிலருக்கு, துணை போனதுக்கு அப்புறம் வந்த தனிமை. சிலருக்கு மனச்சோர்வு நோய், அது வயசோட வர்ற இயல்பு இல்ல, சிகிச்சையில சரியாகக் கூடியது. சிலருக்கு உண்மையிலேயே நிறைவு. பேரன் பேத்தி பார்த்தாச்சு, போதும். நம்ம ஊர்ல கல்யாணச் சாவுன்னு அதைக் கொண்டாடவே செய்யறோம். இதுல எதுன்னு கேட்டாத்தான் தெரியும்.

கேட்காம முடிவு பண்ணினா எங்க போய் நிற்கும்னும் நமக்குத் தெரியும். தென் மாவட்டங்கள் சிலதுல தலைக்கூத்தல்னு ஒரு வழக்கம். படுத்த படுக்கையான பெரியவங்களை வீட்டாரே குளிப்பாட்டற பேர்ல முடிச்சு வைக்கறது. சட்டப்படி அது கொலை. 'பாரம்' படம் இதைப் பத்தினது. நம்மள்ல நிறைய பேர் பார்த்த 'கே.டி. என்கிற கருப்புதுரை'யும் (2019) அங்கதான் தொடங்குது. குடும்பம் பேசறது காதுல விழுந்து வீட்டை விட்டு ஓடற பெரியவர் கிட்ட, உங்களுக்கு என்னென்ன ஆசைன்னு கேட்கிற முதல் ஆள் ஒரு சின்னப் பையன். பட்டியல்ல பிரியாணியும் உண்டு! சிரிச்சுக்கிட்டே பார்த்தோம். 'பாரமா இருக்கக் கூடாது'ன்னு ஆபீஸ் கேன்டீன்ல நாம சொல்ற அதே சொல்தான் அந்த ஊர்கள்ல பெரியவங்க தலையில எண்ணெயா விழுது. அதனாலதான் 'அறுபது போதும்' பேச்சை என்னால வெறும் ஜோக்கா எடுத்துக்க முடியல. நமக்கே நாம பாரம்னு பேர் வச்சுட்டா அதே அளவுகோல் வீட்டுல படுத்திருக்கறவங்க மேலயும் போகும்.

மறுபக்கமும் உண்டு. நினைவே திரும்பாதுன்னு தெரிஞ்ச பிறகும் குழாய் மேல குழாயா மாட்டி வச்சிருக்கறதும் அவங்க கிழமையைப் பறிக்கறதுதான். 2018 மார்ச் 9 அன்னைக்கு உச்ச நீதிமன்றம், மீள வழியில்லாத நிலையில உயிரை நீட்டிக்கிற கருவி வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கிற உரிமையை ஏத்துக்கிச்சு. 'லிவிங் வில்'னு சொல்வாங்க. 2023 ஜனவரியில நடைமுறையை எளிதாக்கினாங்க. ரெண்டு சாட்சி, நோட்டரி இல்லன்னா கெசட்டட் அதிகாரி கையெழுத்து போதும். நமக்காக முடிவு சொல்லப் போற நம்பிக்கையானவங்க பேரையும் அதுல எழுதலாம். பதினெட்டு தாண்டின யாரும் எழுதலாம், நாமளும்தான். அருணகிரியார் பாட்டுல பிள்ளைங்க கேட்காம விட்ட கேள்விக்கு இப்படித் தெளிவான மனசோட முன்னாடியே பதில் எழுதி வைக்கலாம்.

செவ்வாய்க்கிழமை வீட்டுப் பெரியவங்களோட உட்கார்ந்து கவசம் சொல்லுங்க. கண் வரும்போது, கண்புரை பார்த்தாச்சான்னு கேளுங்க. காது வரும்போது டிவி சத்தம் எவ்வளவு ஏறியிருக்குன்னு கவனிங்க. காது கேட்காம போறது மறதி நோய்க்கான அபாயக் காரணிகள்ல ஒண்ணா மருத்துவ உலகம் இப்ப எண்ணுது, காது மெஷின் வெறும் வசதிப் பொருள் இல்ல. பல் வரும்போது, சாதத்தைக் குழைச்சுத்தான் சாப்பிடறாங்களா? பாதம் வரும்போது, சர்க்கரை இருக்கறவங்க கால்ல புண் இருக்கா? அந்த வெட்கப்படற வரிகள் வரும்போதும் தாண்டிப் போகாதீங்க. தனியா கூப்பிட்டுக் கேளுங்க. வெளி உதவி வேணும்னா முதியோருக்கான இலவச எண் 14567.

பழனிக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தா ரோப் காரா, வின்ச்சா, மெதுவா யானைப்பாதையில ஏறலாமான்னு அவங்களையே கேளுங்க. "படியிலதான் வருவேன்"னு சொன்னா நேரம் ஒதுக்கிட்டுப் போங்க. எங்க தாத்தா அப்படித்தான் ஏறினாரு, நாலு மணி நேரம் ஆச்சு, ஒவ்வொரு மண்டபத்துலயும் உட்கார்ந்து பழைய கதை. நமக்கு என்ன, அன்னைக்கு லீவுதானே.

கடைசியா ஒரு கணக்கு. எண்பதுல சதாபிஷேகம் பண்றோம், ஆயிரம் பிறை கண்டவர்னு. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததுக்கும் 29.53 நாள். ஆயிரத்தால பெருக்கினா 29,530 நாள், 80 வருஷமும் சுமார் பத்து மாசமும். வயசை நிலா எண்ணிச் சொன்னவங்க நம்மாளுங்க. நிலா கணக்கு வைக்கணும்னா நிலாவைப் பார்க்கணும், அதுக்குக் கண் தெரியணும், வெளிய திண்ணைக்கு வரணும், யாராவது கையைப் பிடிச்சுக்கணும். எனக்கு இப்ப இருபத்தெட்டு. முந்நூத்தி நாற்பத்தாறு பௌர்ணமி போயிருக்கு, பெரும்பாலும் மானிட்டர் முன்னாடி.

சுவாமிமலையில தமிழ் வருஷம் அறுபதுக்கும் ஆளுக்கொரு படி இருக்கு இல்லையா? அந்த அறுபது பேரையும், அறுபதாம் கல்யாணம் எதுக்குன்னும் அடுத்த பதிவுல பார்ப்போம். உங்க வீட்டுப் பெரியவங்க கிட்ட எத்தனை வயசு வேணும்னு கேட்டு, அவங்க சொன்னதை அவங்க பேச்சுலயே எழுதி அனுப்புங்க.

ஓம் சரவணபவ.